கறுப்புப் பறவையும் படச்சுருள் பாவலரும்

ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று சொன்ன மாத்திரத்தில் நம் குடும்பங்களில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுபவர் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி அவர்களே. 1964இல் அவர் இஸ்லாத்தை ஏற்றதைப் பகிரங்கமாக அறிவித்த செய்தியையும், 1980இல் அவர் சென்னைக்கு வந்து போனதையும் இன்றும் வாய் ஓயாமல் பேசும் முதியவர்களை நான் அறிவேன். அவரையடுத்து மால்கம் எக்ஸ், மார்ட்டின் லூதர் கிங் என்னும் பெயர்கள் வரும். முட்டியின் வலிமையாலும் நாவின் வலிமையாலும் உலகை வென்ற அம்மக்களிடையே, தூரிகை ஒன்றையே துணையாகக் கொண்டு குழந்தைகளின் உள்ளத்தை நாடிச் சென்றவர்களும் இருந்தார்கள் என்பது நம்மிடையே அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை. அத்தகையோருள் ஒருவரான ஆஷ்லி பிரையன் என்பாரைப் பற்றியும், அவருடைய நூல்களோடு அருகில் வைத்துப் பார்க்கத்தக்க சென்னைப் பதிப்புகள் இரண்டைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். (அந்நாளில் நம் ஏடுகள் அம்மக்களை 'நீக்ரோக்கள்' என்றே எழுதி வந்தன. அச்சொல்லை அவர்களே விலக்கிவிட்டபடியால் நாமும் விலக்குவதே பண்பு.)

இதை எழுதத் தூண்டியவள் ஏழு வயதுச் சிறுமி. சென்ற கோடையில் ஏற்காட்டிலுள்ள என் தங்கை வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைக்கு ஏறியவர்களுக்கு அவ்வூரின் அழகை நான் சொல்ல வேண்டியதில்லை. காப்பித் தோட்டங்களும், நிழல் மரங்களைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளும், ஏரிக்கரையில் மொய்க்கும் வெளியூர்க் கூட்டமும் எல்லாரும் அறிந்தவையே. மழை பெய்த ஒரு பிற்பகலில் என் தங்கையின் பேத்தி தன் குடும்பத்தைப் படமாக வரைந்துகொண்டிருந்தாள். வண்ணக்குச்சிகளுள் இளஞ்சிவப்பான ஒன்றை எடுத்துத் தன் முகத்துக்குப் பூசினாள். எங்கள் குடும்பத்தில் அந்த நிறத்தில் ஒருவரும் இல்லை. அவளோ நல்ல மாநிறத்துக்கும் ஒரு படி மேலே கறுப்பு.

"கண்ணு, உன் தோல் இந்த நிறமில்லையே?" என்றேன்.

"நன்னா, பெட்டியில இதுக்குத்தான் தோல் கலருன்னு எழுதியிருக்கு. என் கலருதான் தப்பு" என்றாள்.

அவள் அழவில்லை; வருந்தவுமில்லை. இரண்டும் இரண்டும் நான்கு என்பதுபோல் சொன்னாள். அடுப்பங்கரையிலிருந்து அவளைப் பெற்றவள், "அவளுக்கு யாருங்க மாமா சொல்லித் தந்தாங்க, அவளா கண்டுபிடிச்சது" என்று சிரித்தாள். அவ்வீட்டில் அவளைக் கொஞ்சிக் கூப்பிடும் பெயர் 'கருவாச்சி' என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கொஞ்சல்தான். ஆனால் அக்காளைக் கொஞ்சும்போது நிறத்தைச் சொல்லிக் கொஞ்சுவதில்லை, அவள் சிவப்பு.

பெட்டியோடு நான் கொண்டுபோயிருந்த நூல்களுள் பிரையனின் 'அழகிய கறுப்புப் பறவை'யும் ஒன்று. அதை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பின்னர் நடந்ததைப் பிறகு கூறுகிறேன். முதலில் அந்நூலின் ஆசிரியர் யார் என்பதைப் பார்ப்போம்.

ஆஷ்லி பிரையன் 1923ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பிறந்தார். பெற்றோர் கரீபியக் கடலிலுள்ள ஆண்டிகுவா தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தையார் வாழ்த்து அட்டைகள் அச்சிடும் தொழிலாளி, தாயார் தையற்காரி. வறுமையான பெரிய குடும்பம். மழலைப் பள்ளியில் எழுத்துக்கள் கற்றபோது ஆசிரியை அவ்வெழுத்துக்களுக்குப் படம் வரையச் சொல்லி, தாள்களைத் தைத்துப் புத்தகமாக்கச் செய்தார். எழுதியவனும் நீயே, ஓவியனும் நீயே, கட்டியவனும் நீயே, வெளியிட்டவனும் நீயே என்று அவ்வம்மையார் சொன்னதைப் பிரையன் முதுமையிலும் மறக்கவில்லை. அந்தப் புத்தகத்தை வீட்டில் கொடுத்தபோது கிடைத்த பாராட்டுத்தான் தன்னை ஓவியனாக்கிற்று என்று பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். நம் வீடுகளில் குழந்தை கிறுக்கிய தாளை நாம் என்ன செய்கிறோம் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

பதினேழாம் வயதில் உதவித்தொகை வேண்டி ஓர் ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். நேர்காணலில், வந்தவற்றுள் உன் ஓவியங்களே மிகச் சிறந்தவை, ஆயினும் நிறமுடைய ஒருவனுக்கு உதவித்தொகை கொடுப்பது வீண் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொய் சொல்லி அனுப்பியிருந்தாலாவது ஆறுதல் உண்டு. அவருடைய பள்ளி ஆசிரியர்கள் கூப்பர் யூனியன் என்னும் கல்லூரியை நாடச் சொன்னார்கள். அங்கே விண்ணப்பதாரரின் முகத்தைப் பாராமல் அவர் செய்தளித்த வேலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தனர், கட்டணமும் இல்லை. முகம் பாராத இடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

படிப்பு முடியுமுன் போர் குறுக்கிட்டது. 1943இல் படையில் சேர்க்கப்பட்டு, கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கும் 502ஆம் துறைமுகப் பட்டாளத்தில் பணிபுரிந்தார். அந்நாளில் அமெரிக்கப் படையில் கறுப்பர் வேறு, வெள்ளையர் வேறு. 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரைப் படையெடுப்பின்போது ஒமாகா கரையில் இறங்கியவர்களுள் இவரும் ஒருவர். நச்சுப்புகை முகமூடி வைக்கும் உறைக்குள் காகிதமும் பென்சிலும் ஒளித்து வைத்துக்கொண்டு, கிடைத்த நேரங்களிலெல்லாம் தோழர்களை வரைந்தார். அவ்வோவியங்களைப் பல்லாண்டுகள் ஒருவருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்து, 2019இல், தமது 96ஆம் வயதில்தான் 'முடிவிலா நம்பிக்கை' என்ற பொருள்படும் நூலாக வெளியிட்டார். ஊர் திரும்பிய இளைஞர் கூப்பர் யூனியன் படிப்பை முடித்ததோடு நில்லாமல், மனிதன் ஏன் மனிதனைக் கொல்லுகிறான் என்பதை அறிய வேண்டிக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கப் போனார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. விடை கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

அவர் குழந்தை நூல்களுக்கு வந்து சேர்ந்தது நடுவயதில். 1962இல் ஜீன் கார்ல் என்ற பதிப்பாசிரியை பிரையனின் பிராங்க்ஸ் பகுதி ஓவியக் கூடத்தைத் தேடிவந்து பார்த்து, பின்னர் ஒப்பந்தமும் அனுப்பி வைத்தார். அப்படி வெளிவந்த தொடக்க நூல்களுள் ஒன்று 1967இல் வந்தது. அது நம் நாட்டுக் கவி இரவீந்திரநாத தாகூரின் சிறு கவிதைகளுக்கு இவர் படம் வரைந்த நூல்! வங்காளத்துக் கவியின் சொல்லுக்கு ஹார்லெமில் பிறந்தவர் கை வரைந்தது. இக்கட்டுரையின் பிற்பகுதியில் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காண இருக்கிறோம்.

அக்காலத்து அமெரிக்கக் குழந்தை நூல்களின் நிலை என்ன? 1965இல் நான்சி லாரிக் என்ற அம்மையார் ஒரு கணக்கு எடுத்து வெளியிட்டார். முந்தைய மூன்று ஆண்டுகளில் வெளிவந்த 5,206 குழந்தை நூல்களில், கறுப்பர் ஒருவராவது தென்பட்டவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. தமிழில் வெளிவரும் குழந்தை நூல்களில் தொப்பி அணிந்த சிறுவனும் முக்காடிட்ட சிறுமியும் எத்தனை பக்கங்களில் தென்படுகிறார்கள் என்று யாரேனும் நான்சி அம்மையாரைப் போல் ஒரு கணக்கு எடுத்தால் நன்று. பெருநாள் வாழ்த்துச் சொல்லும் பக்கத்தில் மட்டும் தென்பட்டால் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது என் கட்சி.

அந்த வறட்சியில்தான் பிரையனும் அவருடைய தோழர்களும் வேலை செய்தார்கள். லியோ டில்லன் தம் மனைவியார் டயனோடு சேர்ந்து வரைந்து 1976இல் கால்டிகாட் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே. ஜெர்ரி பிங்க்னி சிங்கமும் சுண்டெலியும் கதையைச் சொல்லே இல்லாமல் படத்தாலேயே சொல்லி 2010இல் அதே பரிசைப் பெற்றார். டாம் ஃபீலிங்ஸ் அடிமைக் கப்பல்களின் கொடுமையைச் சொல்லின்றி வரைந்த நூல் 1995இல் வந்தது. அதைக் குழந்தைகள் கையில் கொடுக்க எனக்கே துணிவில்லை. இவர்கள் ஒவ்வொருவரும் தனிக் கட்டுரைக்கு உரியவர்கள்.

பிரையனின் கைவண்ணம் நூலுக்கு நூல் மாறியது. ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகளுக்கு மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டாற் போன்ற தோற்றம் வரும்படி தூரிகையால் தீட்டினார். 1980இல் வந்த 'கதைப் பறையைக் கொட்டு' என்னும் தொகுதிக்காகக் கொரெட்டா ஸ்காட் கிங் விருதை 1981இல் பெற்றார். அடிமைகளின் ஞானப்பாடல்களைத் தொகுத்த 1974ஆம் ஆண்டு நூலுக்கு மெய்யாகவே கட்டை அச்சு வெட்டினார். பிற்கால நூல்களில் வண்ணத் தாள்களைக் கத்தரித்து ஒட்டினார். கத்தரிக்கப் பயன்பட்டது தையற்காரியாகிய தாயாரின் பழைய கத்தரிக்கோல். அந்தக் கத்தரிக்கோலின் படத்தையும் நூலில் சேர்த்திருக்கிறார். நம் வீடுகளில் தையல் இயந்திரத்தின் முன் காலம் கழித்த உம்மாமார்கள் எத்தனை பேர்! பூத்தையலும், தலையணை உறையும், முக்காட்டு ஓரத்துச் சரிகை வேலையும் கலையல்ல, வீட்டு வேலை என்றே நாம் எண்ணிவிட்டோம். அந்தக் கத்தரிக்கோலுக்கு ஒரு மகன் செய்த மரியாதையைப் பார்க்கும்போது நாணமாகத்தான் இருக்கிறது.

'அழகிய கறுப்புப் பறவை' 2003இல் வெளிவந்து மறு ஆண்டில் மீண்டும் அவருக்குக் கொரெட்டா விருதைத் தேடித்தந்தது. கதை, ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டு இலா மக்களுடையது. முற்காலத்தில் பறவைகளுக்கு எல்லா நிறமும் உண்டு. கறுப்பு மட்டும் இல்லை. கறுப்புப் பறவை ஒன்றே கறுப்பு. பறவைகளிலேயே அழகானது யார் என்ற கேள்வி எழுந்தபோது எல்லாப் பறவைகளும் கறுப்புப் பறவையைத்தான் காட்டின. எங்களுக்கும் கொஞ்சம் கறுப்புத் தா என்று கெஞ்சின. சுரைக்குடுவையில் கறுப்புக் குழம்பு காய்ச்சி, ஒன்றுக்குக் கழுத்தில் வளையம், மற்றொன்றுக்குச் சிறகில் கோடு, வேறொன்றுக்குப் புள்ளி என்று அது பூசிவிடுகிறது. பூசும்போதே ஒன்றையும் நினைவுறுத்துகிறது: மேலே பூசிக்கொள்வதனால் நீ நானாகிவிட மாட்டாய், நீ நீதான். கதையின் உயிர் அங்கே இருக்கிறது. கறுப்பை உயர்த்துவதற்காக மற்ற நிறங்களைத் தாழ்த்தவில்லை.

என் தங்கை பேத்தி அந்நூலை மூன்று முறை புரட்டினாள். பிறகு கேட்டாள்: "நன்னா, எல்லாக் குருவியும் கறுப்புக் கேக்குதே, ஒண்ணுகூட அதைக் கேலி பண்ணலியா?" இல்லை என்றேன். நம்பாமல் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தேடத் தொடங்கினாள். நூலைப் பற்றி நான் படித்த மதிப்புரைகளில் எதுவும் இவ்வளவு கூர்மையாக இல்லை.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசிவிடுவோம். வெள்ளையருக்குக் கறுப்பரை விடவோ கறுப்பருக்கு வெள்ளையரை விடவோ மேன்மை இல்லை, இறையச்சத்தால் அன்றி, என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின்போது அருளியதை மிம்பரில் கேளாத முஸ்லிம் இல்லை. மக்கா வெற்றியின் நாளில் கஅபாவின் மீதேறிப் பாங்கு சொல்லும் பேறு பிலால் (ரலி) அவர்களுக்கே கிட்டியது என்பதைச் சொல்லாத மீலாது மேடை இல்லை. உத்தமபாளையத்துக் கல்லூரி ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்காலத்து நம் பெரியோர் 'கருத்த' என்பதைப் பெயராகவே பெருமையோடு சுமந்தார்கள். ஆனால் பெண் பார்க்கப் போகும்போது நாம் கேட்கும் முதற்கேள்வி என்ன? பெண் நல்ல நிறமா என்பதுதானே? 'நிறம்' என்ற சொல்லுக்கே வெளுப்பு என்று பொருள் வந்துவிட்டது. மிம்பரில் கேட்டது நடுக்கூடம் வரை வந்து சேரவில்லை. ஏழு வயதுச் சிறுமி பெட்டியைப் பார்த்துத் தன் நிறம் தப்பு என்று முடிவு கட்டியதற்கு வண்ணக்குச்சி விற்பவன் மட்டும் காரணம் அல்லன்.

அது நிற்க. பிரையனின் நூல்களுள் ஆழமானது எது என்றால் 2016இல், தமது 93ஆம் வயதில் அவர் வெளியிட்ட 'என்மீது சுதந்திரம்' என்பதையே சொல்லுவேன். 1828ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு தோட்டத்தின் சொத்து மதிப்பீட்டுத் தாள் அவரிடம் இருந்தது. கணவன் இறந்தபின் விதவை தோட்டத்தை விற்கத் தயாரித்த பட்டியல் அது. மாடுகள், பன்றிகள், பருத்தி. அவற்றோடு ஒன்றாகப் பதினொரு மனிதர்கள், ஒவ்வொருவர்க்கும் ஒரு விலை. பெயரும் விலையும் தவிர அவர்களைப் பற்றி அத்தாளில் ஒன்றும் இல்லை. பிரையன் அந்தப் பதினொருவருக்கும் முகம் தந்தார். ஒவ்வொருவரும் இருமுறை பேசுகிறார்கள்: முதலில் தம் வேலையைப் பற்றி, பிறகு தம் கனவைப் பற்றி. விலைச்சீட்டு எழுதிய முகத்துக்கு அடுத்து, விலையற்ற முகம். இந்நூல் 2017இல் நியூபெரி கௌரவம் பெற்றது.

இதைப் படிக்கையில் நான் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் அமர்ந்திருந்தேன் என்பதை மறக்க முடியவில்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டார் என்பதை ஊருக்கு வருவோர்க்கெல்லாம் பெருமையாகச் சொல்லுகிறார்கள். பிரையனின் கைக்கு வந்த பட்டியலும் ஏறத்தாழ அதே காலத்ததுதான்! இங்கிருந்தது அடிமை விற்பனை அன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஆயினும் தோட்டம் என்ற அமைப்பு எங்கிருந்தாலும் ஆளைத் தலைக்கணக்காகத்தான் எழுதியது. கடல் கடந்து இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் தமிழ்த் தொழிலாளர் கங்காணியின் பேரேட்டில் பெயராகவும் கடனாகவும் மட்டுமே வாழ்ந்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால் கடனைக் குறித்த 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. அந்தத் துண்டுச் சீட்டுக்கள் ஒவ்வொன்றும் ஒரு பிரையனுக்காகக் காத்திருந்தவையே.

இந்நூலில் குறையே இல்லையா என்றால், உண்டு. பதினொருவரும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகிறார்கள். எல்லாரும் பொறுமையுடையவர், எல்லாரும் கனவு காண்பவர், எல்லாரும் தம் கைத்தொழிலில் வல்லவர். கோபக்காரர், சோம்பேறி, சக அடிமையைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஒருவர்கூட இல்லை. விலைச்சீட்டிலிருந்து மீட்டெடுத்த மனிதர்களை அவர் உத்தமர்களாக்கிவிட்டார். உத்தமராக இல்லாதவர்க்கும் விடுதலைக்கு உரிமை உண்டு அல்லவா? இதே குறை நம் சமுதாய எழுத்தாளர்களிடமும் உண்டு. நம்மவரைப் பற்றிப் பிறர் தவறாக எழுதிவிட்டார்கள் என்ற ஆதங்கத்தில் நாம் படைக்கும் முஸ்லிம் பாத்திரங்கள் ஐவேளையும் தொழுது அண்டை வீட்டாருக்கு உதவி செய்து கொண்டேயிருக்கும். படிப்பவர் கொட்டாவி விடுவார். பிரையனின் கதை நூல்களிலும் வேறொரு சிக்கல் உண்டு. அவர் மேடையில் கதை சொல்லிப் பழகியவர்; சொற்களைத் தாளம்போலத் திருப்பித் திருப்பி அடுக்குவார். வாய்விட்டுப் படித்தால் இனிக்கிறது. மௌனமாகப் படித்தால் அலுக்கிறது. ஆகவே வாய்விட்டே படியுங்கள்.

முதுமையில் அவர் மேயின் மாநிலத்தை ஒட்டிய ஒரு சிறு தீவில் குடியேறி, கடல் ஒதுக்கிய எலும்பு, கட்டை, வலைத்துண்டுகளைக் கொண்டு பொம்மைகளும், தேய்ந்த கண்ணாடிச் சில்லுகளைக் கொண்டு வண்ணச் சாளரங்களும் செய்து வாழ்ந்தார். 2022 பிப்ரவரி 4ஆம் நாள், 98ஆம் வயதில் மறைந்தார்.

இனி வாசகர் சிலர் உள்ளத்தில் இதுவரை அடக்கி வைத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். உருவம் வரைவதை நம் மார்க்கம் வெறுக்கிறதே, இந்த ஏட்டில் ஓவியனுக்கு என்ன இடம் என்பதே அது. உயிருள்ளவற்றின் உருவங்களைச் சமைப்போரைக் கண்டிக்கும் ஹதீதுகள் உள்ளன, மறைப்பதற்கில்லை. அவற்றின் எல்லை எது என்பதில் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. குழந்தைகளைப் பொறுத்தவரை ஒரு செய்தியை மட்டும் நினைவூட்டுவேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணிச் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததாகவும், குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னை மறுமொழி சொன்னதாகவும், அதைக் கேட்டு நாயகம் அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததாகவும் அபூதாவூது தொகுப்பில் பதிவாகியுள்ளது. குழந்தையின் கற்பனைக்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

நம் முன்னோரும் கண்ணுக்கு விருந்தளிக்கத் தவறியவர்கள் அல்லர். உமறுப் புலவர் மானுக்குப் பிணை நின்ற வரலாற்றைச் சொல்லாலேயே தீட்டிக் காட்டினார். பத்தமடைப் பாயில் கோரையை வைத்து நம்மவர் நெய்யும் வண்ணக் கோலங்களை உலகம் அறியும். உருவத்தை விட்டார்கள், வண்ணத்தை விடவில்லை.

உருவத்தையும் விடாத முஸ்லிம் சமூகம் ஒன்று வங்காளத்தில் இருக்கிறது. மேற்கு மேதினிப்பூரைச் சேர்ந்த பிங்களா வட்டாரத்தின் நயா என்ற சிற்றூரில் வாழும் பட்டுவாக்கள், சித்ரகர் என்ற பட்டப்பெயர் பூண்டவர்கள், நீண்ட படச்சுருளை ஒவ்வொரு கட்டமாக அவிழ்த்துப் பாடிக்கொண்டே கதை சொல்லுபவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆயினும் சுருளில் வரையும் கதைகளுள் இராமாயணமும் உண்டு, புலிமேல் ஏறிவரும் காஜி பீரின் கதையும் உண்டு. பலருக்கு இரட்டைப் பெயர்கள். ஒரு தரப்பார் முஸ்லிம் என்று ஒதுக்கினார்கள். மறு தரப்பார் உருவம் எழுதுபவர் என்று ஒதுக்கினார்கள். இலைச்சாறு, மஞ்சள், விளக்குக் கரி ஆகியவற்றை வில்வப் பசையோடு குழைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்துத் தீட்டும் இக்கலை இந்த இரண்டு ஒதுக்கல்களுக்கும் நடுவில்தான் உயிர் பிழைத்து வந்திருக்கிறது.

சென்னையில் 1994இல் கீதா வூல்ஃப் தொடங்கிய தாரா பதிப்பகம், 2010இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்க்கையைப் பட நூலாக வெளியிட்டது. எழுதியவர் மெம்ஃபிஸ் நகரில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கரான ஆர்தர் ஃப்ளவர்ஸ். கிங் 1968 ஏப்ரல் 4ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டதும் அந்த மெம்ஃபிஸ் நகரில்தான். வரைந்தவர் மனு சித்ரகர் என்ற பட்டுவா. முன்பு தாகூரின் சொல்லுக்கு ஹார்லெம் ஓவியர் வரைந்தார் என்றேன். இப்போது ஹார்லெம் மக்களின் வரலாற்றுக்குத் தாகூரின் நாட்டுக்காரர் வரைந்திருக்கிறார்.

காதை நோக்கி நீண்ட பட்டுவாக் கண்களோடும், நெருக்கமான பூவேலை நிறைந்த ஆடைகளோடும் அமெரிக்கத் தெருக்களில் மனிதர்கள் நிற்பதைப் பார்க்க முதலில் விந்தையாக இருக்கும். நாலைந்து பக்கங்களில் அந்த விந்தை மறைந்து, இது வேறு எப்படி இருக்க முடியும் என்று தோன்றிவிடுகிறது. ஒதுக்கப்பட்டவன் வரலாற்றை ஒதுக்கப்பட்டவன் கை வரைந்ததனால் வந்த இயல்பு அது என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொல்வது ஓவியரின் திறமையைக் குறைத்துப் பேசுவதாகும். ஒரு கட்டத்தில் கூட்டத்தை எப்படி அடுக்குவது, நடுநாயகனை எங்கே நிறுத்துவது என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற கை அது. குறை, கையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. படச்சுருள் என்பது மேலிருந்து கீழாக நிற்காமல் ஓடுவது. அதைச் சித்திரக்கதைப் புத்தகத்தின் கட்டங்களாக வெட்டிப் பக்கங்களில் அடைத்தபோது அந்த ஓட்டம் சில இடங்களில் தடைப்பட்டுவிட்டது. பாட்டும் இல்லை. பாடாத சுருள் பாதிச் சுருள்தானே.

1959இல் கிங் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியொன்றில், அமெரிக்காவிலிருந்து வந்த நம்மைப் போன்ற தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்டதாகவும், எண்ணிப் பார்த்தபின் ஆம், நான் அதுதான் என்று ஒப்புக்கொண்டதாகவும் 1965ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் கிங்கே கூறினார். மனு சித்ரகரின் படங்களைப் பார்க்கும்போது அந்தத் தலைமையாசிரியரின் சொல் நினைவுக்கு வருகிறது.

இதே பதிப்பகம் 2013இல் வெளியிட்ட மற்றொரு நூல் நூஹ் நபியின் கப்பலைப் பற்றியது. வரைந்தவர் ஜாய்தேவ் சித்ரகர். மடிப்பு மடிப்பாக விரியும் ஒரே நீண்ட தாள்; ஆகவே சுருளின் ஓட்டம் இதில் காக்கப்பட்டிருக்கிறது. வெள்ளமும் விலங்குகளும் நிறைந்த அந்தத் தாளைக் கூடத்தில் விரித்தபோது பிள்ளைகள் மண்டியிட்டுத் தவழ்ந்தே பார்த்தார்கள். ஆனால் இங்கே என் பேனா தயங்குகிறது. நபிமார்களை உருவமாக எழுதுவதை நம் இல்லங்கள் ஏற்பதில்லை; நானும் ஏற்பவன் அல்லன். கலையைப் போற்றுகிறேன் என்பதற்காக அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. என் தங்கை அந்த நூலை வீட்டில் வைத்துக்கொள்ள மறுத்துவிட்டாள், நானும் வற்புறுத்தவில்லை.

எனக்குள்ள மனக்குறை வேறு. கதை விவிலிய மரபைத் தழுவிச் செல்கிறது. நம் வீடுகளில் நூஹ் நபியின் வரலாறு சொல்லப்படும்போது, ஹூது அத்தியாயத்தில் வருகிறபடி, கப்பலில் ஏறிக்கொள் மகனே என்று தந்தை அழைக்க, மலைமேல் ஏறித் தப்பித்துக்கொள்வேன் என்று மறுத்த மகனை அலை வாரிக்கொண்டு போனதுதான் கேட்பவர் நெஞ்சைப் பிழியும் இடம். வரைபவர் முஸ்லிம் சமூகத்தில் பிறந்த கலைஞராக இருக்க, உன் பாட்டி உனக்கு இக்கதையை எப்படிச் சொன்னாள் என்று கேட்டு எழுதியிருந்தால் அந்நூல் இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும். மகனை நோக்கி நீண்ட ஒரு கை, அலை, எட்டாத மலை. நபியின் முகத்தைக் காட்டாமலேயே அந்தக் கட்டத்தை எழுதியிருக்கலாம்.

மலை என்றதும் சேர்வராயன் மலைக்கே திரும்புகிறேன். தங்கை வீட்டுத் தோட்டத்தில் மிளகு பறிக்க வரும் முதியவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். (பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று மயங்க வேண்டாம், மலையை ஆள்பவர் என்பது அவர்கள் கூறும் பொருள், பேசுவது தமிழ்.) காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து, பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்ற தம் குலக்கதையை ஒரு நாள் மாலை அவர் திண்ணையில் அமர்ந்து சொன்னார். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இக்கதை இருக்கிறது. ஆனால் ஏற்காட்டுப் பள்ளிகளிலோ கடைகளிலோ இதைப் படத்தோடு சொல்லும் ஒரு குழந்தை நூலை நான் கண்டதில்லை. மே மாதத்தில் மலர்க் கண்காட்சி பார்க்க வருகிறவர்கள் வாங்கிச் செல்லும் படங்களில் ஏரியும் படகும் இருக்கின்றன, அம்மக்கள் இல்லை.

முதியவர் கதை சொன்னபோது சிறுமி என் பக்கத்தில்தான் இருந்தாள். மறுநாள் மூன்று மனிதர்களையும் மூன்று மலைகளையும் நீளவாக்கில் ஒட்டிய தாள்களில் வரைந்து கொண்டுவந்தாள். மனிதர்களுக்கு அடுப்புக் கரி பூசியிருந்தாள். கையெல்லாம் கரி, பாவாடையெல்லாம் கரி. அவள் தாய் என்னைத்தான் கடிந்துகொண்டாள். முதியவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, பெரியண்ணனுக்குத் தலைப்பாகை விட்டுப்போயிற்று என்றார். அவள் அங்கேயே அமர்ந்து அதைச் சேர்த்தாள்.